விளம்பரப் படிப்பு பொய்ப் படிப்பா?

தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அறை வீடு. இரவு மணி பத்தரை. பாய் விரிக்க இடமில்லை. தரை முழுவதும் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கத்தரித்த பத்திரிகைப் படங்களும் கிடக்கின்றன. நடுவில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருக்கிறாள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் தகப்பனார் வாசற்படியில் அமர்ந்து, அவள் வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறார். காலையில் அவருக்கு ஏழு மணி ஷிப்டு.

பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்க்கிறார். அவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான்.

"பிள்ளை என்ன அண்ணாச்சி படிக்கி?"

"விளம்பரம்."

"அது சரி! பொய் சொல்லுததுக்கும் காலேஜ் வந்துட்டா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தகப்பனாருக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் கட்டணத்துக்காகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கியிருப்பவர் அவர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிறது. பி.காம். படித்து பாங்குப் பரீட்சை எழுதியிருக்கலாமே என்று மனைவி சொன்னபோதும் மகளுக்காகப் பேசியவர். அன்றிரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குடும்பத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சயானிலும் செம்பூரிலும் அண்டாப் ஹில்லிலும் மகனோ மகளோ இந்தப் படிப்பில் சேர விரும்பும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளிலெல்லாம் எழும் கேள்விதான் இது. விளம்பரப் படிப்பு பொய்ப் படிப்பா?

கேள்வியில் நியாயம் உண்டு

பக்கத்து அறைக்காரர் வேடிக்கைக்காகச் சொன்னாலும் அனுபவத்திலிருந்துதான் சொன்னார். விளம்பரத்தால் அடிபட்டவர்களில் பிழைக்க வந்தவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். சொந்த ஊரில் ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு உண்டு. மனை விளம்பரம் அதைத் தேடி வரும். வளைகுடாவில் வேலை என்று ஓர் அறிவிப்பு வரும். கட்டிய பணம் ஒன்றரை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று மற்றொன்று வரும். முன்பு நோட்டீசிலும் சுவரொட்டியிலும் வந்தவை, இப்போது உள்ளூர் கேபிள் டி.வி.யிலும் கைபேசியிலும் வருகின்றன. விசாரிக்க ஆள் பழக்கமில்லாத ஊரில், அச்சில் வந்ததும் திரையில் வந்ததும் உண்மையாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

ஆகவே விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டதும் சந்தேகம் வருவது இயல்பே. ஆனால் அந்தச் சந்தேகத்தோடு நின்றுவிடுவது சரியா என்பதை யோசிக்க வேண்டும். விளம்பரங்கள் யாரைக் குறிவைத்து எழுதப்படுகின்றனவோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை எழுதும் மேஜையில் இல்லை. சந்தில் வசிப்பவனின் மனத்தைச் சந்தைப் பார்த்தே இராதவர் எழுதுகிறார். இந்த நிலை மாற வேண்டுமானால், இந்த வீடுகளிலிருந்தும் சிலர் அந்தப் படிப்புக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

என்ன படிக்கிறார்கள்?

மும்பைப் பல்கலைக்கழகத்தில் பி.எம்.எம். என்று பல ஆண்டுகள் அறியப்பட்ட மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, இப்போது வேறு பெயரில் நடக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் எல்லோருக்கும் பொது. மூன்றாம் ஆண்டில் பத்திரிகைத் துறை, விளம்பரத் துறை என்று இரண்டாகப் பிரிவது வழக்கம்.

விளம்பரப் பிரிவில் புத்தகம் படித்துப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. வாரம் தவறினாலும் புராஜெக்ட் தவறாது. ஒரு பொருளைக் கொடுத்து, அதை வாங்குபவர் யார், ஏன் வாங்குகிறார், எங்கே வாங்குகிறார் என்று விசாரித்து வரச் சொல்வார்கள். பிறகு ஐந்தாறு பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து வாசகம் எழுதி, படம் போட்டு, எந்தப் பத்திரிகையில், எந்த நேரத்து டி.வி.யில், எவ்வளவு செலவில் வெளியிடுவது என்று கணக்குப் போட்டு, வகுப்பு முன் நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும்.

அந்த மகளின் அன்றாடமும் இதைச் சுற்றித்தான். காலையில் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, சுருட்டிய சார்ட் பேப்பர் நசுங்காமல் மாதர் பெட்டியில் ஏற வேண்டும். கல்லூரி தந்த சலுகைப் படிவத்தில் எடுத்த மாணவர் சீசன் டிக்கெட் கைப்பையில் இருக்கும். மத்தியானம் கான்டீனில் ஒரு வடாபாவும் கட்டிங் டீயும். மற்றவர்கள் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறக்கும்போது, இவள் படத்தைக் கையால் வரைந்து வைத்திருப்பாள். வண்ணப் பிரிண்ட் எடுக்கும் கடையில் ஒரு பக்கத்துக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு, எத்தனை பக்கத்தைக் குறைக்கலாம் என்று யோசிப்பாள்.

இன்னொன்றும் உண்டு. எங்கே வீடு என்று கேட்டவர்களிடம் முதல் ஆண்டு முழுவதும் அவள் 'சயான்' என்றே சொல்லி வந்தாள். தாராவி என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேஷன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் இந்த வழக்கம் அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் தெரிந்ததுதான்.

சோப்புத்தூள் சொன்ன உண்மை

இரண்டாம் ஆண்டில் ஒரு புராஜெக்ட் வந்தது. குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் வாங்கும்படி ஒரு புதிய சலவைத் தூளுக்கு விளம்பரம் தயாரிக்க வேண்டும். குழுவில் இருந்த மற்ற நால்வரும் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டனர். "ஏழைகளுக்கு விலைதான் முக்கியம். விலை குறைவு என்று பெரிதாக எழுதிவிடலாம்" என்றனர்.

அவள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த மாதிரி வீடுகளில் தண்ணீர் காலையில் சில மணி நேரம்தான் வரும். டிரம்மில் பிடித்து வைத்ததுதான் நாள் முழுவதற்கும். நுரை அதிகம் வந்தால் அலசத் தண்ணீர் அதிகம் வேண்டும். துணி துவைப்பவளுக்குத் தூளின் விலையைப் போலவே அலசும் தண்ணீரும் கணக்குத்தான். எத்தனை வாளி மிச்சமாகும் என்று சொன்னால் அவள் காது கொடுத்துக் கேட்பாள் என்றாள்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டனர்.

"எங்கள் வீடு தாராவியில்" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் அந்தச் சந்துக்கு வந்தனர். தாயார் டிரம்மைத் திறந்து காட்டி, எந்த வாளி எதற்கு என்று விளக்கி, காப்பியும் கொடுத்தார். வகுப்பில் அந்தக் குழுவுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. இரண்டு வாளித் தண்ணீர் மிச்சம் என்று சொல்லியே ஒரு பெரிய கம்பெனி முன்பு தன் தூளை விற்றிருக்கிறது என்பதை ஆசிரியை அப்போது எடுத்துச் சொன்னார். பெரிய கம்பெனி பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டது, சந்தில் பிறந்தவளுக்குப் பிறப்பிலேயே தெரிந்திருந்தது.

சலவைத் தூளின் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் தூள் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். அவரே சாதாரணச் சம்பளக்காரர் என்பதால் சம்பளக்கார வீட்டின் கணக்கு அவருக்குத் தெரியும். அதுதான் நிர்மா. அதன் வளர்ச்சியைச் சமாளிக்க, 1980-களில் சர்ஃப் கம்பெனிக்காக மும்பையில் அலிக் பதம்சியின் குழு லலிதாஜி என்ற குடும்பப் பெண்ணை உருவாக்கியது. விலை மலிவானதும் நல்லதும் ஒன்றல்ல என்று கணக்குப் பேசும் பெண் அவள். தம் தாயாரின் சுபாவத்தை வைத்தே அந்தப் பாத்திரம் பிறந்தது என்று பதம்சி கூறியிருக்கிறார். வீட்டுக்குள் பார்த்ததுதான் விளம்பரமாயிற்று.

கடலூரிலிருந்து வந்த வழி

தமிழர்களுக்கு இதில் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட் இன்று நாடெங்கும் இருக்கிறது. பணக்காரர் வாங்கும் பொருளை ஏழையும் வாங்கும்படி சிறு பாக்கெட்டில் அடைக்க வேண்டும் என்ற யோசனைக்காகப் பேசப்படுபவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டு வந்தனர். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15 ஆயிரம் ரூபாய் முதலில் தனியாகச் சிக் ஷாம்பு தொடங்கினார். கிராமங்களில் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள்.

ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாதவரும் தினக்கூலியில் ஒரு பாக்கெட்டுக்குக் கொடுக்க முடியும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. இன்று விளம்பர வகுப்புகளிலும் வியாபார நிர்வாக வகுப்புகளிலும் இது பாடமாகச் சொல்லப்படுகிறது. கடலூர்க்காரர் செய்து காட்டியதைத் தாராவித் தமிழ்ப் பிள்ளை படிப்பதற்கு யோசிப்பானேன்?

ஆச்சியின் கால் புண்

இனி, பொய் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அதே வீட்டில் நடந்தது இது. ஆச்சிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஒரு சூரண விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தது. தொண்ணூறு நாளில் சர்க்கரை அடியோடு போய்விடும், மாத்திரையே தேவையில்லை என்றது. ஆச்சி யாரிடமும் சொல்லாமல் பணம் அனுப்பி டப்பாவை வரவழைத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் காலில் புண் வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் தப்பியது. ஒரு விரல் போயிற்று.

அந்தப் பருவத்தில்தான் கல்லூரியில் சட்டமும் நெறியும் என்ற பாடத்துக்கு, ஏதாவது ஒரு விளம்பரத்தை எடுத்து ஆராய்ந்து வரும்படி கூறினார்கள். மற்றவர்கள் கிரீம், குளிர்பானம் என்று எடுத்தனர். அவள் ஆச்சியின் டப்பாவை எடுத்தாள்.

அவள் படித்துத் தெரிந்துகொண்டவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. சர்க்கரை வியாதி, புற்றுநோய் போன்ற பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தடை செய்திருக்கிறது. விளம்பரத் துறையினரே 1985-இல் மும்பையில் தர நிர்ணயக் கவுன்சில் ஒன்றை அமைத்திருக்கின்றனர். சாதாரண மக்களும் அதற்குச் செலவில்லாமல் புகார் அனுப்பலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்ச ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அதில் தோன்றிப் பரிந்துரைக்கும் நட்சத்திரங்களுக்கும் இது பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சட்டத்தோடு அவள் நிற்கவில்லை. அந்த விளம்பரம் எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் பிரித்துக் காட்டினாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வருகிறார், ஆனால் அவர் டாக்டர் என்று எங்கும் சொல்லவில்லை. குணமானதாகச் சொல்லும் கிழவிக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. இன்று மட்டும் பாதி விலை என்ற அறிவிப்பு தினமும் வருகிறது. தூண்டிலில் புழு எது, முள் எது என்று அம்புக்குறி போட்டு ஒரு சார்ட்டில் எழுதினாள். ஆசிரியையின் யோசனைப்படி கவுன்சிலுக்குப் புகாரும் அனுப்பினாள்.

அந்தச் சார்ட்டைத் தமிழில் ஒரு பிரதி எழுதி, சந்தில் உள்ள சங்கத்து அறையில் மாட்டி வைத்தார் தகப்பனார். ஆச்சி மறுபடி மாத்திரைக்கு வந்துவிட்டார். சார்ட்டைப் பார்த்த இரண்டு பெண்கள் தங்கள் வீட்டிலும் அதே டப்பா இருப்பதாகச் சொன்னார்கள்.

பொய்யைக் கட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அதைப் பிரிக்கவும் தெரியும். பூட்டுத் தொழிலைப் படிக்கிறான் என்பதற்காக ஒருவனைத் திருடன் என்று சொல்வதில்லை. அவனே வந்து நம் பூட்டைப் பார்த்து, இது போதாது என்று எச்சரித்தால் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழ் எழுதத் தெரியுமா?

மூன்றாம் ஆண்டில் பயிற்சிக்காக ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போனாள். தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் ஒரு தாளை நீட்டி, ஆங்கில வாசகங்களைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். அவளுக்கு வியர்த்துவிட்டது. வீட்டில் பேசுகிற தமிழ் வாயில் இருந்தது, கையில் இல்லை. படித்ததெல்லாம் ஆங்கில மீடியம். தகப்பனார் படித்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில். மகளுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தவரும் அவரே.

மும்பையில் தயாராகும் விளம்பரங்களில் பல முதலில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பிறக்கின்றன. பிறகு தமிழுக்கு மாற்றப்படுகின்றன. "உங்கள் சருமம் உங்களுக்கு நன்றி சொல்லும்" என்ற மாதிரி வாசகங்களைப் பார்க்கிறோம். எந்த வீட்டில் எந்தப் பெண் இப்படிப் பேசுகிறாள்? தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான மக்களுக்கு விற்கும் பொருளுக்கு நல்ல தமிழில் நாலு வரி எழுத, மும்பையிலேயே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளால் முடியவில்லை என்றால் அந்தக் குறையில் பெற்றோருக்கும் பங்கு உண்டு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. தகப்பனார் ஷிப்டு முடிந்து வந்ததும், தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியை மகள் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அதையே நாலு வரியில் எழுதிக் காட்ட வேண்டும். ஒற்றெழுத்துப் பிழைகளை அவர் சிவப்புப் பேனாவில் திருத்துவார். "எம்மா, 'க்' எங்கே போச்சு?" என்பார். பத்தாவது வரை படித்த தகப்பனார் பட்டப்படிப்பு மகளுக்கு வாத்தியாரானார். அவள் எழுதிய ஒரு வரி இன்னும் விளம்பரத்தில் வரவில்லை. ஆனால் மற்றவர் எழுதிய தமிழைத் திருத்தித் தரும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும்

இந்தப் படிப்பைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பொய் விளம்பரமாகிவிடும்.

பெரும்பாலும் இது அரசு உதவி இல்லாத பிரிவில் நடப்பதால், சாதாரண பி.ஏ., பி.காம். கட்டணத்தைவிட மிக அதிகம். ரயில்வே ஊழியருக்குக் கிடைக்கும் குழந்தைகள் கல்விப்படி பட்டப்படிப்புக்குக் கிடையாது. மாநில அரசின் சலுகைகளை எல்லோரும் பெற முடிவதில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் 1950-ஆம் ஆண்டுக்கு முன்பும், பிற்பட்ட வகுப்பினர் 1967-ஆம் ஆண்டுக்கு முன்பும் குடும்பம் மகாராஷ்டிரத்தில் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. ரேஷன் கார்டும் பழைய பள்ளிச் சான்றும் இல்லாமல் தவிக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சேர்க்கைக்கு ஓடுவதற்கு முன்பே இந்தத் தாள்களைத் தேடி வைப்பது நல்லது.

படித்து முடித்ததும் வேலை நிச்சயம் என்று எவரும் சொல்ல முடியாது. பயிற்சிக் காலத்தில் சில இடங்களில் சிறு தொகை தருகிறார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. வேலை நேரத்துக்கு வரையறை இல்லை. கடைசி லோக்கலைப் பிடித்து வரும் பெண்ணுக்காக ஸ்டேஷனில் ஒருவர் காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தயங்காமல் பேசப் பழக வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது. வரையவோ எழுதவோ ஆட்களைக் கவனிக்கவோ ஆசை இருக்கும் பிள்ளைக்கே ஒத்துவரும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஆகவே பிள்ளை வந்து விளம்பரம் படிக்கிறேன் என்று சொன்னால், பொய்ப் படிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பட்டணத்துப் படிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவும் வேண்டாம். கல்லூரிக்கு நேரில் போய், மொத்தக் கட்டணம் எவ்வளவு, போன ஆண்டு படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேர்த்த பிறகு வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். உடன் படிப்பவர்கள் வந்து பார்க்கட்டும். வீடு சிறியது என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்கள் கேள்வித்தாள் வைத்து விசாரிக்கும் விஷயங்களை உங்கள் பிள்ளை உங்கள் அடுப்படியில் கற்றிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் எழுதக் கற்றுக்கொடுங்கள்.

பக்கத்து அறைக்காரர் அண்மையில் மீண்டும் அந்த வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். ஊர்ப் பக்கம் மனை விற்பனையாம். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"எம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரு. இதுல எது நெசம், எது பொய்?"

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.